பெண்மானின் இதயம்: இப்னு துஃபைலின் கதையும் விஞ்ஞானம் பற்றிய நமது வாசிப்பும்

1

விஞ்ஞானத்தையும் இறைநம்பிக்கையையும் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு நீதிமன்றக் காட்சியை ஒத்தவை. விஞ்ஞானம் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. "நீ இன்று கண்டுபிடித்ததை அல்குர்ஆன் ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்னரே சொல்லிவிட்டதல்லவா?" என்று கேட்கப்படுகிறது. சாட்சி தலையாட்டுகிறது. சபை தக்பீர் முழங்கிக் கலைகிறது. மறுதரப்பாரும் இதற்குச் சளைத்தவர்களல்லர். அவர்கள் அதே சாட்சியை அழைத்து, "இறைவன் இல்லையென்று சொல்" என்கிறார்கள். அதற்கும் சாட்சி தலையாட்டியதாகவே எழுதிவிடுகிறார்கள். இரு தரப்பாரும் அந்தச் சாட்சியிடம் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு: நீ இதை எப்படி அறிந்துகொண்டாய், வழியில் எங்கெல்லாம் பிழைவிட்டாய்?

அந்தக் கேள்வியைக் கேட்ட கதை ஒன்று நம்மிடம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூஸைச் சேர்ந்த இப்னு துஃபைல் அரபு மொழியில் எழுதிய 'ஹய்யு இப்னு யக்ழான்' தான் அது. இப்னு துஃபைல் வைத்தியர். முவஹ்ஹிதீன் கலீபா அபூ யஃகூப் யூஸுபின் அரண்மனை மருத்துவராக இருந்தவர். இப்னு ருஷ்தைக் கலீபாவுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. 1185இல் மராகிஷில் காலமானார். அவரது கதை 1671இல் லத்தீனுக்கும் 1708இல் அரபிலிருந்து நேரடியாக ஆங்கிலத்துக்கும் போனது. 1719இல் 'ராபின்சன் குரூசோ' வெளிவந்தது. நமது இலக்கிய வட்டங்களில் இக்கதை பேசப்படும்போதெல்லாம் இந்த முன்னோடிப் பெருமைதான் முதலில் வந்து நிற்கிறது. "அவர்களுக்கு முன்னர் நாம்" என்று சொல்லி மகிழ்ந்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். திறந்து வாசித்தால் அது நமக்கு அவ்வளவு வசதியான பிரதியாக இராது.

2

நிலநடுக்கோட்டின் கீழுள்ள ஓர் இந்தியத் தீவில் ஹய்யு என்ற குழந்தை மனித வாடையே இன்றி வளர்கிறது. அது எப்படி அங்கு வந்தது? ஆசிரியர் இரண்டு விடைகள் தருகிறார். ஒன்று, பதமான களிமண்ணிலிருந்து தாய் தந்தையின்றித் தானாக உருவானது. மற்றது, அரசகுலப் பெண்ணொருத்தி இரகசியமாகப் பெற்று, பேழையில் வைத்துக் கடலில் விட்டது. இரண்டாவதில் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றின் சாயல் தெளிவாகவே தெரிகிறது. எது சரியென்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுக் கதையைத் தொடர்கிறார். ஒரு விசுவாசி தன் கதையின் முதற் பக்கங்களிலேயே உயிரின் தோற்றம் பற்றிய கேள்வியை இப்படித் திறந்து வைத்தார் என்பதைக் கவனத்திற் கொள்ள வேண்டும். இன்று இதே கேள்வியை ஒரு மேடையில் எழுப்பினால், தீர்ப்புச் சொல்லாமல் இறங்க நம்மில் எவருக்கும் துணிவு வராது.

குழந்தையைப் பெண்மான் ஒன்று பாலூட்டி வளர்க்கிறது. அது முதுமையடைந்து ஒருநாள் அசைவற்றுக் கிடக்கிறது. ஹய்யு வழமையான குரலில் கூப்பிடுகிறான், பதிலில்லை. காதைப் பார்க்கிறான், கண்ணைப் பார்க்கிறான். வெளியே எந்தக் காயமும் இல்லை. தான் கண்ணை மூடினால் பார்வை மறைவதும் திறந்தால் மீள்வதும் அவனுக்குத் தெரியும். ஆகவே இவளுக்குள்ளும் ஏதோவொன்று தடைப்பட்டிருக்க வேண்டும், அதை அகற்றினால் எழுந்துவிடுவாள் என நினைக்கிறான். நெஞ்சைத் திறக்க எண்ணும்போது பயம் வருகிறது. திறப்பதே அவளைக் கொன்றுவிடுமோ? அப்படியே விட்டுவிட்டாலும் அவள் எழப்போவதில்லை. திறந்தால் ஒரு நம்பிக்கையாவது உண்டு. கூரிய கல்லையும் காய்ந்த நாணலையும் கொண்டு விலாவைப் பிளக்கிறான். நுரையீரலைத் தாண்டி இதயத்துக்கு வருகிறான். வலது அறையில் உறைந்த இரத்தம். இடது அறை வெறுமை. இங்கே குடியிருந்த ஒன்றுதான் வெளியேறிவிட்டது, நான் தாயென்று நேசித்தது இந்த உடலை அல்ல, அதைத்தான் என்ற முடிவுக்கு வருகிறான்.

உலக இலக்கியத்தில் விஞ்ஞான ஆய்வைச் சித்திரிக்கும் மிகச் சிறந்த காட்சிகளுள் இதுவும் ஒன்றென்பது எனது அபிப்பிராயம். கவனித்தல், ஒப்பிடல், அனுமானித்தல், பரிசோதித்தல், எதிர்பார்த்தது கிடைக்காதபோது முடிவை மாற்றிக்கொள்ளல் என ஆய்வின் படிகள் எல்லாமே இதில் உண்டு. ஆயினும் அவனைக் கத்தி பிடிக்க வைத்தது அறிவுத்தாகமல்ல. தாயை எழுப்பிவிட வேண்டுமென்ற தவிப்பு அது. ஆய்வு செய்பவன் கல்நெஞ்சன், விசுவாசிதான் இரக்கமுள்ளவன் என்று நமது பிரசங்கங்கள் பிரித்து வைத்திருக்கும் பிரிப்பு இந்த ஒரு காட்சியில் உடைந்து போகிறது.

அதன் பின்னர் நடப்பதும் முக்கியமானது. உடல் நாறத் தொடங்குகிறது. என்ன செய்வதென்று அவன் அறியான். இரண்டு காகங்கள் சண்டையிடுகின்றன. ஒன்று மற்றதைக் கொன்று, நிலத்தைக் கிளறிப் புதைக்கிறது. அதைப் பார்த்து அவனும் குழி தோண்டித் தாயை அடக்கம் செய்கிறான். ஆதமின் மகனுக்குக் காகம் கற்பித்த சம்பவம் சூரா மாஇதாவில் வருவதை வாசகர் அறிவர். அல்குர்ஆனின் பெயரைச் சொல்லாமலே இப்னு துஃபைல் அந்தக் காகத்தைத் தன் கதைக்குள் பறக்க விடுகிறார். மனிதனின் முதல் ஆய்வு ஓர் அடக்கத்தில் முடிவதாக அவர் எழுதியது தற்செயலானதென நான் கருதவில்லை. இதற்குப் பின்னர் வருவோம்.

3

இப்போது சங்கடமான விடயம். ஹய்யு கண்ட விஞ்ஞானம் பிழை. இதயத்தின் இடது அறை உயிர் குடியிருக்கும் வெற்றிடம் அல்ல. உயிருள்ள உடலில் அது இரத்தத்தால் நிரம்பி, அதை உடலெங்கும் தள்ளிக்கொண்டிருக்கிறது. இப்னு துஃபைல் தன் காலத்து மருத்துவ நூல்கள் சொன்னதைத் தன் நாயகனின் கண்ணுக்குள் வைத்தார். அந்நூல்களின் பின்னால் கிரேக்க வைத்தியர் ஜாலீனூஸ் நின்றார். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, வலது அறையின் இரத்தம் அவற்றினூடாக இடது அறைக்குக் கசிகிறது என்பது அவரது போதனை.

ஜாலீனூஸின் இப்போதனையை மறுத்தவரும் ஒரு முஸ்லிம் வைத்தியரே. டமஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் வாழ்ந்து 1288இல் காலமான இப்னு நஃபீஸ், 1242இல் எழுதிய விரிவுரையில், அந்தச் சுவரில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் இடது அறையை அடைகிறது என்றார். இப்னு ஸீனாவின் நூலுக்கு விரிவுரை எழுதும்போதே அந்நூல் ஏற்றுக்கொண்டிருந்த ஒன்றை அவர் மறுத்தார். அவர் ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹ் அறிஞராகவும் இருந்தவர்.

நான் கேட்பது இதுதான். ஹய்யுவின் இறைநம்பிக்கை, இடது அறை வெறுமை என்ற கண்டுபிடிப்பின் மீது மட்டும் கட்டப்பட்டிருந்தால் 1242இல் அது என்னவாகியிருக்கும்? ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. கதையை மீண்டும் வாசித்தால் காரணம் விளங்குகிறது. ஹய்யுவை இறைவனிடம் கொண்டு சென்றது தேடும் முறை. இடையில் கிடைத்த தகவல்கள் அந்த வழியின் தங்குமடங்கள் மாத்திரமே. உலகம் ஆதியற்றதா, ஒரு காலத்தில் படைக்கப்பட்டதா என்று அவன் வருடக்கணக்கில் சிந்திக்கிறான். இரு பக்க வாதங்களும் சமமாக நிற்கின்றன. அவன் தீர்ப்புச் சொல்வதில்லை. எந்தப் பக்கம் போனாலும் உடலற்ற ஒரு கர்த்தாவிடமே வந்து சேர்வதைக் கண்டு, அந்தக் கேள்வியைத் தீர்க்காமலேயே முன்னே நடக்கிறான். இமாம் கஸ்ஸாலி இதே கேள்வியில் தத்துவவாதிகளைக் குப்ர் வரை கொண்டுபோய் நிறுத்தியவர் என்பதை நினைவிற் கொண்டால், இந்த நிதானத்தின் பெறுமதி புரியும்.

கஸ்ஸாலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரை விஞ்ஞானத்தின் விரோதி என்று எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அதே 'தஹாபுதுல் பலாஸிபா'வின் முன்னுரையில், கிரகணம் எப்படி நிகழ்கிறதென வானியலாளர் கணக்கிட்டுக் காட்டுவதை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்ற கருத்தை அவர் தெளிவாக வைத்திருக்கிறார். நண்பனின் அறியாமை எதிரியின் தாக்குதலைவிட அதிகம் காயப்படுத்தும் என்பது அவரது கவலை.

4

1976இல் பிரெஞ்சு வைத்தியர் மொரிஸ் புகைல் பைபிளையும் அல்குர்ஆனையும் விஞ்ஞானத்தோடு ஒப்பிட்டு எழுதிய நூல் வெளிவந்தது. அதன் பின்னர் முஸ்லிம் உலகெங்கும் ஓர் எழுத்து வகையே உருவாகிவிட்டது. அணு முதல் கருவியல் வரை, கடலடி இருள் முதல் விண்வெளி விரிவு வரை, ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒரு வசனம் தேடிப் பொருத்தப்படுகிறது. எழுதுகிறவர்களின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. காலனித்துவத்தின் கீழ் தலைகுனிந்து நின்ற ஒரு சமூகம் தலைநிமிர ஏதாவது தேடும். ஆனால் இவ்வகை எழுத்து கண்டுபிடிப்பு நிகழ்ந்த பிறகுதான் வசனத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒருபோதும் முன்னர் அல்ல. நாளை அந்தக் கோட்பாடு திருத்தப்பட்டால் வியாக்கியானமும் ஓசையின்றித் திருத்தப்படும். இதில் வேதத்துக்கும் கண்ணியமில்லை, விஞ்ஞானத்துக்கும் கண்ணியமில்லை.

இந்த ஆபத்தை வேறு சமயத்தவரும் சந்தித்தார்கள். பிரபஞ்சம் ஓர் ஆரம்பப் புள்ளியிலிருந்து விரிந்தது என்ற கோட்பாட்டின் முன்னோடி ஜோர்ஜ் லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அக்கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டி உரையாற்றினார். அதனால் மிகவும் சங்கடப்பட்டவர் லெமெய்த்ர்தான். தனது கோட்பாடு நாளை பிழையென நிறுவப்படலாம், அதன் மீது ஈமானை ஏற்ற வேண்டாம் என்பது அவரது நிலைப்பாடு. மறு வருடம் வானியலாளர் மத்தியில் உரையாற்றியபோது பாப்பரசர் அந்த வாதத்தை மீண்டும் முன்வைக்கவில்லை.

நமக்கோ இதைக் கற்க ரோமாபுரிக்குப் போகவேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் சிறு குழந்தையாக மரணித்த தினத்தில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. கி.பி. 632 ஜனவரி 27 என வானியல் கணக்கு அந்நாளைச் சுட்டுகிறது. நபியின் மகன் இறந்ததால்தான் சூரியனும் இருண்டது என்று மதீனாவில் மக்கள் பேசிக்கொண்டார்கள். நபியவர்கள் அன்று ஒன்றும் சொல்லாதிருந்தாலே போதும். ஒரு பெரிய அற்புதம் வரலாற்றில் நின்றிருக்கும். துக்கத்தில் இருந்த ஒரு தகப்பனை அதற்காக யார் குறைசொல்லப் போகிறார்கள்? ஆனால் அவர்கள் எழுந்து, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள். தொழுகையையும் நடத்தினார்கள். தமக்குச் சாதகமாக வந்த பொய்ச்சாட்சியைத் தாமே விலக்கிவிட்டு ஸுஜூதில் விழுந்த அந்த நாளில், விஞ்ஞானத்தோடு ஓர் ஈமான் நடந்துகொள்ள வேண்டிய முறை முழுவதும் இருக்கிறது.

2004 டிசம்பர் 26ஐ இதனோடு வைத்துப் பாருங்கள். அலை வடிந்த சில வாரங்களில், களுத்துறைக் கடற்கரையின் செய்மதிப் படமொன்று கைக்குக் கை மாறியது. திரும்பிச் செல்லும் அலையில் அரபு எழுத்தில் 'அல்லாஹ்' என்று தெரிவதாகச் சொல்லப்பட்டது. இடிபடாத பள்ளிவாசல்களின் படங்களும் அப்படியே உலாவின. இடிந்த பள்ளிவாசல்களும் நம் கரையில் இருந்தன. அவற்றின் படங்களை யாரும் பகிரவில்லை. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரிடம் இந்தப் படங்கள் என்ன சொல்லின என்பதை நாம் யோசிக்கவில்லை. மதீனாவின் அந்தத் தகப்பன் மறுத்த வாதத்தையே நாம் மீண்டும் எடுத்து வைத்தோம்.

அந்நாளில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தபோது இலங்கையில் காலை 6.58 மணி. அலை கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலங்கள் எடுத்தது. பசிபிக் சமுத்திரத்தில் பல தசாப்தங்களாக எச்சரிக்கை முறை இருந்தது. இந்து சமுத்திரத்தில் இல்லை. அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒருவராவது நம் கரைக்குச் சொல்லியிருந்தால் என்ற கேள்வியும் இறைநம்பிக்கைக்கு உட்பட்ட கேள்விதான்.

அதே அலை, அதிர்ச்சி மையத்துக்கு மிக அருகிலுள்ள சிமெலூ என்ற தீவையும் தாக்கியது. ஆச்சே மாகாணத்தின் முஸ்லிம்கள் வாழும் தீவு அது. அங்கு இறந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். 1907இல் இதேபோன்ற அலையில் பலர் மாண்டிருந்தார்கள். நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதை அத்தீவின் மூத்தவர்கள் கதையாகவும் தாலாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 'ஸ்மோங்' என்ற ஒற்றைச் சொல்லில் அந்த அறிவு முழுவதும் பொதிந்திருந்தது. அலைக்குள் எழுத்தைத் தேடாமல், அலை எப்படி வருகிறது என்பதைக் கவனித்து மனதில் வைத்த இலக்கியம் அது. இலக்கியம் உயிர்காக்கும் என்பதை நாம் அடிக்கடி மேடையில் சொல்கிறோம். அங்கே அது சொல்லளவில் நிற்கவில்லை.

5

இனி ஹய்யு தோண்டிய குழிக்குத் திரும்புவோம். 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், கொவிட் தொற்றில் இறந்த அனைவரையும் தகனம் செய்ய வேண்டுமென்றது. புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்பது சொல்லப்பட்ட காரணம். விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்பட்டது. அடக்கம் செய்வதும் தகனம் செய்வதும் இரண்டுமே பாதுகாப்பானவை என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலாக இருந்தது. உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாளேயான ஒரு சிசு பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வாயிலில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாமென்றது. பெப்ரவரியில் வர்த்தமானி மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அந்த நாட்களில் நாம் என்ன கேட்டோம்? ஆதாரத்தைக் காட்டுங்கள் என்றோம். எந்த ஆய்வு, யார் செய்தது, எந்த நீரில் கண்டார்கள் என்றோம். நமது மார்க்கக் கடமையைக் காக்க நாம் நின்ற தளம் ஆய்வின் தளம். நம்பிக்கையாளர்கள் ஆதாரம் கேட்டார்கள். அதிகாரம் வெறும் நம்பிக்கையை விஞ்ஞானம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த கதையில் பாத்திரங்கள் இடம்மாறி நின்ற தருணம் அது.

அக்காலத்தில் எழுதப்பட்ட ஜனாஸாக் கவிதைகளை வாசித்தேன். கண்ணீர் உண்மையானது. கோபமும் நியாயமானது. ஆனால் நான் வாசித்தவற்றில் தீயையும் கபனையும் தாண்டி, இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் கண்டுகொண்டவை மிகக் குறைவு. அரசிடம் நாம் கேட்ட ஆதாரத்தை நமது துண்டுப்பிரசுரங்களிடமும் கேட்போமா என்ற கேள்வியை எழுப்பிய ஒன்று என் கண்ணில் படவில்லை. நமக்கு வலிக்கும்போது மட்டும் ஆதாரம் வேண்டும், நமக்கு இனிக்கும்போது வேண்டாம் என்றால் நாம் 2020இல் கேட்டதும் பலவீனப்பட்டுவிடும். களுத்துறைப் படத்தை நம்பியவர்களும் ஓட்டமாவடியில் நின்றவர்களும் ஒரே மக்கள்தான். நானும் அவர்களில் ஒருவன்.

6

இப்னு துஃபைலோடு எனக்கு ஒரு பெரிய கருத்து வேறுபாடு உண்டு. கதையின் முடிவில், அயல் தீவிலிருந்து வந்த அப்ஸால் என்ற நல்லடியாரோடு ஹய்யு மனிதர் வாழும் தீவுக்குப் போகிறான். தான் கண்டடைந்ததைச் சொல்கிறான். மக்கள் முகம் திருப்புகிறார்கள். அவன் மன்னிப்புக் கேட்டு, உங்கள் வழமைகளையே பற்றிப் பிடியுங்கள் என்று உபதேசித்துவிட்டு, அப்ஸாலோடு தன் தீவுக்கே திரும்பிவிடுகிறான். ஆய்வு சிலருக்கு, கட்டுப்பாடு பலருக்கு என்ற பிரிப்பை ஆசிரியர் ஏற்றுக்கொள்கிறார். அரண்மனையில் வாழ்ந்த ஒரு தத்துவவாதியின் எச்சரிக்கை உணர்வு இதுவாக இருக்கலாம். ஆனால் நம்மிடையே இதுவே நோயாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் பரிணாமக் கோட்பாட்டைக் கற்பிப்பவர் ஜும்ஆவில் அதைக் கேலி செய்யும் குத்பாவை மௌனமாகக் கேட்டு எழுந்து போகிறார். இரண்டு தீவுகளும் நமக்குள்ளேயே இருக்கின்றன, இடையில் படகில்லை.

இப்னு நஃபீஸும் இந்த முடிவை ஏற்கவில்லை போலும். அவரும் தனியே தோன்றிய காமில் என்பவனின் கதையை எழுதினார். அதில் கரையொதுங்கிய மனிதர்கள் அவனுக்குச் சமைத்த உணவும் உடையும் தருகிறார்கள். மனிதன் தனித்து வாழ முடியாதவன், அவனுக்குச் சமூகமும் சட்டமும் அச்சட்டத்தைக் கொண்டுவரும் நபியும் வேண்டும் என்பதை அவன் சிந்தித்து அறிகிறான். இதயத்தைப் பற்றிய பிழையைத் திருத்திய அதே மனிதர், கதையின் முடிவையும் திருத்தி எழுதினார்.

நமது சிறுகதைகளில் இன்னும் இரண்டே வார்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, கடைசிப் பக்கத்தில் கலிமாச் சொல்லும் நாஸ்திக விரிவுரையாளர். மற்றது, ஊர் லெப்பையின் முகமூடியைக் கிழிக்கும் பகுத்தறிவு இளைஞன். இரண்டிலும் முடிவு முதல் பந்தியிலேயே தெரிந்துவிடுகிறது. தேடுகிறவன், பயப்படுகிறவன், பிழைவிடுகிறவன், விடை தெரியாமலே ஸுப்ஹுக்கு எழுகிறவன் நம் கதைகளில் இல்லை. ஜனாஸா எரிக்கப்பட்ட நாளில் ஆய்வறிக்கைகளைத் தேடித் தேடி வாசித்துவிட்டு, இரவில் தஹஜ்ஜுதில் அழுத தகப்பன்மார் நம் ஊர்களில் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி யாராவது எழுதினால், அது இப்னு துஃபைலின் கதைக்கு இந்தத் தீவிலிருந்து போகும் பதிலாக இருக்கும். அவரே சொன்ன நிலநடுக்கோட்டிலிருந்து நாமும் அவ்வளவு தூரத்தில் இல்லை.